குழல் செருகலும் இரத்த அழுத்த எழுச்சியும்: தமிழ்நாட்டு மயக்கவியல் ஆய்வேடுகள், ஒரு திறனாய்வு

அறுவை சிகிச்சைக்காக மயக்கம் கொடுத்தபின் மூச்சுப்பெருங்குழலுக்குள் குழல் செருகும்போது நோயாளியின் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென உயர்கின்றன. இந்த எழுச்சியை மருந்தால் தணிப்பது, தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் எம்.டி. மயக்கவியல் ஆய்வேடுகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பொருள்களுள் ஒன்றாகும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இவ்வகை ஆய்வேடுகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். லிக்னோகெயின், பென்டனில், எஸ்மோலால், லேபெட்டலால், குளோனிடின், மெக்னீசியம் சல்பேட், காபாபென்டின், டெக்ஸ்மெடிடோமிடின் என மருந்துகளின் பெயர்கள் மாறிக்கொண்டே வந்துள்ளன. கேள்வி மட்டும் மாறவில்லை. இக்கட்டுரை ஒரு குறிப்பிட்ட கல்லூரியையோ மாணவரையோ அல்லாமல், இந்த ஆய்வேட்டு வகையையே மதிப்பிடுகிறது.

புத்தூரும் மயக்க மருத்துவமும்

திருச்சிராப்பள்ளி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவமனையாகும். 1997இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி, திருச்சியைச் சேர்ந்த தமிழறிஞரும் முத்தமிழ்க் காவலர் எனப் போற்றப்பட்டவருமான கி. ஆ. பெ. விசுவநாதத்தின் (1899–1994) பெயரைத் தாங்கியுள்ளது. 'புத்தூர் ஜி.எச்.' என்று ஊரார் சொல்லும் இம்மருத்துவமனைக்குத் திருச்சி நகரிலிருந்து மட்டுமல்லாமல், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர்ப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், விபத்தில் உடைந்த எலும்பு, தலைக்காயம், சிக்கலான பேறுகாலம் என எல்லாம் ஒரே வளாகத்துக்குள் வந்து சேர்கின்றன.

இத்தகைய மருத்துவமனையில் மயக்கவியல் பயிலும் முதுநிலை மாணவர் மூன்றாண்டுகளில் எண்ணற்ற முறை குழல் செருகுகிறார். அதே மூன்றாண்டுகளுக்குள் ஓர் ஆய்வேட்டை எழுதி, இறுதித் தேர்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஒப்படைக்கவும் வேண்டும். பகலில் அறுவை அரங்கு, இரவில் பணி, இடையில் ஆய்வு. நாள்தோறும் கையாளும் செயலையே ஆய்வுப்பொருளாக்கிக் கொள்வது இயல்பானது. குழல் செருகலைத் தேடிப் போக வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு அது தானே வந்து மேசையில் படுக்கிறது. இரத்த அழுத்த மானி எல்லா மேசையிலும் உண்டு. நோயாளியைப் பல மாதங்கள் பின்தொடர வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தரவு கைக்கு வந்துவிடும். இத்தலைப்பு ஏன் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது என்பதற்கு விடையில் பாதி இதில் இருக்கிறது.

நிகழ்வின் இயல்பு

குரல்வளை நோக்கியின் அலகு நாக்கின் அடிப்பகுதியை அழுத்தித் தூக்கும்போது அங்குள்ள நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. நாக்கு–தொண்டை நரம்பும் அலையும் நரம்பும் அத்தூண்டலை மூளைத்தண்டுக்குக் கொண்டு செல்கின்றன. பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினும், அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் இரத்தத்தில் கலக்கின்றன. சில நொடிகளில் தொடங்கும் உயர்வு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு, ஐந்து முதல் பத்து நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. தணிப்பு மருந்து எதுவும் தராதபோது சுருங்கழுத்தம் 40 முதல் 50 விழுக்காடு வரை உயரக்கூடும். சிறு குழந்தைகளில் சில வேளை இதற்கு நேர்மாறாக நாடித்துடிப்பு குறைவதும் உண்டு.

1940இல் ரீடும் பிரேசும் மூச்சுப்பாதை எரிச்சலால் இதயத்தில் ஏற்படும் அனிச்சை விளைவுகளை விவரித்தனர். 1951இல் கிங்கும் அவருடைய குழுவினரும் மயக்கத்தில் உள்ள நோயாளிகளிடம் குரல்வளை நோக்கலின் விளைவை அளந்து எழுதினர். 1971இல் பிரைஸ்-ராபர்ட்ஸ் குழுவினர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் இந்த எழுச்சி கடுமையாக இருப்பதையும், அவர்களுட் சிலருக்கு அப்போது இதயத்தசைக்கு இரத்தம் போதாமல் போவதற்கான அறிகுறிகள் தெரிவதையும் காட்டினர். 1987இல் ஷ்ரிப்மன், ஸ்மித், அச்சோலா ஆகியோர் குரல்வளை நோக்கலை மட்டும் ஒரு குழுவுக்கும், குழல் செருகலையும் சேர்த்து மற்றொரு குழுவுக்கும் செய்து பார்த்தனர். இரத்த அழுத்தத்தை உயர்த்த அலகின் அழுத்தமே போதும், குழல் உள்ளே போகும்போது நாடித்துடிப்பும் சேர்ந்து உயர்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது.

இந்நான்கு ஆய்வுகளும் தமிழ்நாட்டு ஆய்வேடுகளின் முன்னாய்வு இயலில் தவறாமல் இடம்பெறுவன. ஆனால் இவற்றுள் 1971ஆம் ஆண்டு ஆய்வு யாரைப் பற்றியது என்பது அடுத்த இயலுக்கு வரும்போது மறக்கப்படுகிறது.

ஆய்வேட்டின் வார்ப்பு

இவ்வகை ஆய்வேடு ஒன்றைப் படித்தவர் அடுத்ததன் பக்கங்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அறுபது நோயாளிகள், குழுவுக்கு முப்பது பேர். வயது பெரும்பாலும் 18 முதல் 60 வரை. அமெரிக்க மயக்கவியலாளர் சங்கத்தின் உடல்நிலை வகைப்பாட்டில் முதலிரண்டு நிலைகளில் உள்ளவர்கள் மட்டும். அதாவது, அறுவைக்குரிய நோயைத் தவிர வேறு குறையற்றவர்கள், அல்லது நன்கு கட்டுக்குள் உள்ள சிறு குறை உடையவர்கள். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை. மூடிய உறையிலோ கணினி தந்த எண் வரிசையிலோ குழுப் பிரிப்பு. மருந்து கொடுக்குமுன், மயக்கியபின், குழல் செருகியவுடன், பிறகு 1, 3, 5, 10 ஆவது நிமிடங்களில் அளவீடு. நாடித்துடிப்பு, சுருங்கழுத்தம், விரிவழுத்தம், சராசரி அழுத்தம் என நான்கு அட்டவணைகள், நான்கு வரைபடங்கள். பிறகு 'பி' மதிப்பு. அது 0.05க்குக் கீழே இருந்தால் புதிய மருந்து சிறந்தது என்னும் முடிவு.

வார்ப்பு இருப்பதே குறையாகாது. வெண்பாவுக்கும் வார்ப்பு உண்டு. வரம்புக்குள் நின்று ஒழுங்காக அளக்கவும், எண்களை மறைக்காமல் அட்டவணையில் வைக்கவும், மூல விளக்கப்படத்தைப் பின்னிணைப்பில் தரவும் இந்த ஆய்வேடுகள் மாணவரைப் பழக்குகின்றன. நோயாளி வாரியாக எல்லா அளவுகளையும் கொண்ட அந்தப் பெரிய அட்டவணை உண்மையில் பெரும் கொடை. புகழ்பெற்ற பன்னாட்டு இதழ்களில் வரும் பல கட்டுரைகளில்கூட அது கிடைக்காது. மாணவரின் முடிவுரையை ஏற்காத வாசகர் அந்த அட்டவணையைக் கொண்டு தாமே மறுகணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல், வார்ப்பு யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதில் இருக்கிறது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

ஆய்வேட்டின் முன்னுரை எப்போதும் ஆபத்தைச் சொல்லித் தொடங்குகிறது. இந்த எழுச்சி இதயத்தசைக்கு இரத்தக் குறைவை உண்டாக்கலாம், மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம், இதயம் செயலிழக்கலாம், எனவே தணிக்க வேண்டும் என்கிறது. இவை உண்மையே. ஆனால் யாருக்கு? இதயத் தமனி அடைப்பு உள்ளவருக்கு, கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு, மூளைக் குருதிக்குழாயில் புடைப்பு உள்ளவருக்கு, முன்சூல்வலிப்பால் அழுத்தம் ஏறிய கர்ப்பிணிக்கு. சில பக்கங்கள் தள்ளி 'விலக்கு விதிகள்' என்ற தலைப்பின்கீழ் இரத்தக் கொதிப்பு, இதய நோய், கர்ப்பம், அவசர அறுவை, கடினமான மூச்சுப்பாதை ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முன்னுரையில் யாருக்காக அஞ்சினார்களோ அவர்கள் அனைவரும் மூன்றாம் இயலில் வாசலில் நிறுத்தப்படுகிறார்கள். எஞ்சியவர், முப்பத்தைந்து வயதில் பித்தப்பைக் கல்லுக்காக வந்த ஆரோக்கியமான பெண். அவருடைய அழுத்தம் மூன்று நிமிடம் 160ஐத் தொட்டு இறங்கினால் அவருக்கு ஒன்றும் நேர்வதில்லை. மாடிப்படி ஏறினாலும் அது ஏறத்தான் செய்யும்.

விலக்குவதற்கு நியாயமான காரணம் உண்டு. நலிந்த நோயாளியிடம் மாணவர் ஆய்வு செய்வதை நெறிமுறைக் குழு தயங்கியே அனுமதிக்கும். எண்ணிக்கையும் எளிதில் சேராது. இதை ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள முடியாதது, ஆரோக்கியமானவர்களிடம் கிடைத்த முடிவை இறுதி இயலில் மறுபடியும் ஆபத்தானவர்களுக்கு உரியதாக ஆக்கிவிடுவதுதான். இளம் நோயாளியின் துடிப்பை அடக்கிய மருந்தளவு, அம்லோடிபினும் எனலாப்ரிலும் சாப்பிட்டுவரும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அழுத்தத்தைத் தாறுமாறாக இறக்கிவிடலாம். இருவருக்கும் இடையே ஆய்வேட்டில் பாலம் ஏதும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே வருகிறது. 2020இல் மாநிலத்தில் எடுக்கப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதைக் காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே செல்கின்றன. எனவே புத்தூர் போன்ற ஒரு மருத்துவமனையின் அறுவை மேசைக்கு வரும் நடுவயதைக் கடந்தவரில் பலர் மாத்திரை சாப்பிடுபவர்கள், அல்லது சாப்பிட வேண்டியவர்கள். விலக்கு விதிகளால் உருவாகும் 'வழக்கமான நோயாளி' அங்கே இன்று வழக்கமானவர் அல்லர்.

அளவீட்டின் ஓட்டைகள்

கையில் சுற்றிய பட்டை ஊதி இறங்கி ஓர் எண்ணைத் தருவதற்கு அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். எழுச்சியின் உச்சமோ ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வந்து போகிறது. பட்டை எந்த நொடியில் ஊதத் தொடங்கியது என்பதைப் பொறுத்து உச்சம் பிடிபடலாம், தப்பியும் போகலாம். தமனிக்குள் ஊசி வைத்துத் தொடர்ச்சியாக அளந்தால்தான் இது துல்லியமாகத் தெரியும். ஆரோக்கியமான நோயாளிக்கு அந்த ஊசியைப் போடுவதும் நியாயமில்லை. இன்னொன்றும் உண்டு. இத்தானியங்கி மானிகள் நேரடியாக உணர்வது சராசரி அழுத்தத்தையே. சுருங்கழுத்தமும் விரிவழுத்தமும் கருவிக்குள் உள்ள கணக்கீட்டால் பெறப்படுபவை. ஒரே அளவீட்டின் மூன்று முகங்களை மூன்று தனித்தனிச் சான்றுகளாக ஆய்வேடு அடுக்குகிறது.

அடுத்தது 'பி' மதிப்பு. நான்கு அளவைகளை எட்டு நேரங்களில் ஒப்பிட்டால் 32 ஒப்பீடுகள். இரு மருந்துகளுக்கும் வேறுபாடே இல்லாவிட்டாலும் 0.05 என்ற வரம்பின்படி சராசரியாக ஒன்றிரண்டு இடங்களில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' தற்செயலாகவே முளைத்துவிடும். எந்த நேரத்து எந்த அளவை முதன்மையானது என்று ஆய்வுக்கு முன்பே அறிவித்திருந்தால் இந்தச் சிக்கல் பெரிதும் நீங்கும். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. முன்னறிவிப்புக்கு அது வசதியான இடம். முன்பதிவு செய்து, சொன்னபடி செய்த ஆய்வேடுகளை நம்பிக்கையோடு படிக்க முடிகிறது.

எண்ணளவில் குறிப்பிடத்தக்கது நோயாளிக்குக் குறிப்பிடத்தக்கதா என்பது வேறு கேள்வி. ஒரு குழுவில் மூன்றாம் நிமிடத்து நாடித்துடிப்பு 92, மற்றதில் 84 என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேரிடமே 'பி' மதிப்பு இறங்கிவிடலாம். அந்த எட்டுத் துடிப்பால் யார் பிழைத்தார், யார் கெட்டார்?

குழல் செருகுபவரின் கை

பயிற்சி மருத்துவமனையில் எழுதப்படும் ஆய்வேடு பேசாமல் விடும் மிகப் பெரிய மாறி, குரல்வளை நோக்கியைப் பிடித்திருக்கும் கைதான். 1977இல் ஸ்டோல்டிங் வெளியிட்ட ஆய்வு, நோக்கல் நீடிக்கும் நேரம் கூடக் கூட அழுத்தமும் கூடுவதைச் சுட்டியது. அதிலிருந்து பதினைந்து நொடிக்குள் முடிப்பது நல்லது என்ற வழக்கு பரவியது. தமிழ்நாட்டு ஆய்வேடுகளும் அதைப் பின்பற்றி, அனுபவமுள்ள ஒருவரே குழல் செருகினார், பதினைந்து அல்லது இருபது நொடிகளுக்கு மேல் ஆனவை, இரண்டாம் முறை முயன்றவை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன என்று எழுதுகின்றன.

ஆய்வு முறைப்படி அது சரி. நடப்பின்படி என்ன? முதலாண்டு மாணவர் கற்றுக்கொள்ளும் நாற்பது நொடிகளில்தான் எழுச்சி மிகுதியாக இருக்கும். இரண்டாம் முறை அலகை நுழைக்கும்போது மருந்தின் உச்ச விளைவு தாண்டிப்போயிருக்கவும் கூடும். அந்நோயாளிகள் நீக்கப்படுகிறார்கள். மருந்து தேவைப்படாத அளவுக்கு விரைவாகவும் மென்மையாகவும் நடந்த செருகல்களில் மருந்தின் பயனைச் சோதிப்பதுபோல் ஆகிவிடுகிறது இது. நல்ல கை ஒன்று பாதி மருந்துக்குச் சமம் என்று மூத்த மயக்கவியலாளர்கள் சொல்வதுண்டு. கற்பவர் செருகியபோது என்ன ஆனது, கற்பித்தவர் செருகியபோது என்ன ஆனது என்ற ஒப்பீடு பயிற்சி மருத்துவமனையில்தான் சாத்தியம். அதற்கு மருந்துச் செலவும் இல்லை.

நேரமும் அப்படித்தான். நாளத்தில் செலுத்திய பென்டனில் முழு விளைவைத் தர மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். லிக்னோகெயினுக்கு ஒன்றரை நிமிடம் முதல் மூன்று நிமிடம். டெக்ஸ்மெடிடோமிடினைப் பத்து நிமிடம் மெதுவாகச் செலுத்த வேண்டும். ஆய்வேட்டில் கடிகாரம் பார்த்து இது கடைப்பிடிக்கப்படுகிறது. பட்டியலில் எட்டு அறுவைகள் காத்திருக்கும் காலைப்பொழுதில் அந்த ஐந்து நிமிடம் காத்திருப்பவர் எத்தனை பேர்? டெக்ஸ்மெடிடோமிடின் சிறந்தது என்று பல ஆய்வேடுகள் காட்டுகின்றன. அதில் எவ்வளவு மருந்தின் சிறப்பு, எவ்வளவு பத்து நிமிடப் பொறுமையின் சிறப்பு என்று அவை பிரித்துக் காட்டுவதில்லை. உப்புக் கரைசலையும் அதே பத்து நிமிடம் செலுத்தி, இரு குழுவுக்கும் பென்டனிலைச் சரியான நேரத்தில் கொடுத்த ஆய்வுகள் இங்கே மதிப்புக் கூடியவை.

பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு

பெரும்பாலான ஆய்வேடுகள் பத்தாவது நிமிடத்தோடு கணக்கை மூடிவிடுகின்றன. குழல் செருகியாயிற்று, எழுச்சி அடங்கியாயிற்று. ஆனால் அறுவை அரங்கில் அடுத்து வருவது தோலைத் துடைப்பதும் துணி விரிப்பதும். அந்தப் பதினைந்து இருபது நிமிடங்களில் நோயாளிக்கு வலித்தூண்டல் எதுவும் இல்லை. மயக்க வாயு போய்க்கொண்டிருக்கிறது. எழுச்சியை அடக்கக் கொடுத்த மருந்தோ உடம்பில் இன்னும் இருக்கிறது. அழுத்தம் சரிவது அப்போதுதான். எஸ்மோலால் சில நிமிடங்களில் தன் வேலையை முடித்துக்கொள்ளும். குளோனிடினும் டெக்ஸ்மெடிடோமிடினும் அப்படியல்ல.

சரிவு எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. 2013இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 33,330 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்த வால்ஷ் குழுவினர், சராசரி அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே சில நிமிடங்கள் இருந்ததற்கும் சிறுநீரக, இதயத்தசைப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால் அது காரணத்தை நிறுவவில்லை. ஆயினும் மூன்று நிமிட உயர்வைத் தடுக்க இருபது நிமிடத் தாழ்வை விலையாகக் கொடுக்கிறோமா என்று கேட்க அது போதும். ஆய்வேடுகளில் இக்கேள்விக்கான இடம், 'பக்க விளைவுகள்' என்னும் சிறு அட்டவணை ஒன்றுதான்.

எண்ணை அடக்குவதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மயக்கவியலின் அண்மை வரலாற்றிலேயே பாடம் உண்டு. 2008இல் லான்செட் இதழில் வெளியான பாய்ஸ் ஆய்வில், இதய ஆபத்து உள்ள 8,351 பேர் இடம்பெற்றனர். அறுவையை ஒட்டி மெட்டோபுரலால் கொடுக்கப்பட்டவர்களிடம் மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மொத்த இறப்பும் கூடின. தாழ்ந்த அழுத்தம் அதில் பெரும்பங்கு வகித்தது. அது குழல் செருகலைப் பற்றிய ஆய்வன்று. மருந்தளவும் வேறு, காலமும் வேறு. ஆனாலும் துடிப்பைக் குறைத்தால் உயிர் காக்கப்படும் என்ற எளிய சமன்பாடு அதன்பின் நிற்கவில்லை. அதற்குப் பிறகு எழுதப்பட்ட ஆய்வேடுகளிலும் அச்சமன்பாடு முன்னுரையில் கேள்வியின்றித் தொடர்வது வியப்புக்குரியது.

குழல் செருகலுக்கே உரிய தொகுப்பாய்வு ஒன்றும் உண்டு. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தின் ஃபௌசியா கானும் ஹமீத் உல்லாவும் 2013இல் கோக்ரேன் நூலகத்துக்காக 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். தணிப்பு மருந்துகள் இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. ஆபத்து மிகுந்த நோயாளிகளைப் பற்றிய தரவோ சொற்பம். உலகெங்கும் உள்ள குறை அது. தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம்மைப் போன்ற நோயாளிகளையும் நம்மைப் போன்ற பற்றாக்குறைகளையும் அறிந்த அண்டைநாட்டு மருத்துவமனையிலிருந்து அந்தக் கணக்கு வந்தது என்பதைக் குறிப்பிட வேண்டும்.

பயன்தரக்கூடிய திசைகள்

இவ்வகையில் சில ஆய்வேடுகள் வேறு வழியில் போயுள்ளன. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களையே எடுத்துக்கொண்டவை, முன்சூல்வலிப்பு உள்ளவர்களிடம் மெக்னீசியத்தையோ லேபெட்டலாலையோ பார்த்தவை, தொண்டைக் கவசத்தையும் குழலையும் ஒப்பிட்டவை ஆகியவை எண்ணிக்கையில் குறைவாயினும் படிக்கத் தக்கவை. முன்சூல்வலிப்பு விஷயத்தில் ஆபத்து கற்பனையன்று. பெரும்பாலான அறுவைப் பேறுகள் முதுகுத்தண்டு மயக்கத்தில் நடந்தாலும், வலிப்பு வந்தவருக்கும் தட்டணுக்கள் மிகக் குறைந்தவருக்கும் முழு மயக்கமும் குழலும் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே 170 இல் நிற்கும் அழுத்தம் குழல் நுழையும்போது 220க்குத் தாவினால் மூளையில் இரத்தம் கசியலாம். பிரித்தானியாவின் தாய் இறப்பு விசாரணை அறிக்கைகள் இதைக் குறித்து எச்சரித்துள்ளன. மயக்கவியல் ஆய்வேட்டுக்கு உண்மையான கேள்வி காத்திருக்கும் இடம் மகப்பேற்று அரங்கு. அதை அறுபது பேரோடு ஒரே மாணவர் முடிக்க இயலாது. ஒரே நெறிமுறையில் பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எழுதினால் முடியும். ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளுக்கு அது எட்டாததன்று. ஆளுக்கு முப்பது முப்பதாகப் பிரிந்து கிடக்கும் தரவு ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் களஞ்சியமே காட்டுகிறது.

மருந்துத் தேர்வும் மருத்துவமனையின் நிலையை ஒட்டி அமையலாம். பென்டனில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்வழி அது இன்றியமையாப் போதை மருந்துகளின் பட்டியலில் சேர்ந்து நடைமுறை எளிதானபோதும், பதிவேடு, பூட்டு, கணக்கு எல்லாம் வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் அது எப்போதும் கைக்கு எட்டும் என்று சொல்வதற்கில்லை. லிக்னோகெயினும் மெக்னீசியமும் விலை மலிவானவை, பரவலாகக் கிடைப்பவை. எனவே மலிவான மருந்தை மறுபடி மறுபடிச் சோதித்த பழைய ஆய்வேடுகளைப் பழசு என்று தள்ளிவிட முடியாது. தாலுகா மருத்துவமனையில் தனியாக நிற்கும் மயக்கவியலாளருக்கு விலையுயர்ந்த புது மருந்து வென்றதாகச் சொல்லும் ஆய்வைவிட, கையில் உள்ள லிக்னோகெயின் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஆய்வு உதவும்.

உப்புக் கரைசல் குழு பற்றியும் ஒரு சொல். தணிப்பு மருந்து வேண்டும் என்று முன்னுரையில் வாதிட்டுவிட்டு, பாதிப்பேருக்கு உப்புக் கரைசலை மட்டும் கொடுத்து எழுச்சியை அளப்பது முரண். மருந்து இன்றியமையாதது என்றால் அக்குழு அநீதிக்கு உள்ளாகிறது; அக்குழுவுக்குத் தீங்கில்லை என்றால் முன்னுரை மிகைபடக் கூறுகிறது. இரண்டிலொன்றை ஆய்வேடு தேர்ந்துகொள்ள வேண்டும். அண்மைய ஆய்வேடுகள் பலவற்றில் இரு குழுவுக்கும் அடிப்படை வலிநிவாரணி தரப்படுவதால் இம்முரண் குறைந்துவருகிறது.

பின்னிணைப்பில் தமிழ்

இந்த ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அவற்றில் தமிழ் வரும் இடம் பெரும்பாலும் ஒன்றே: பின்னிணைப்பில் உள்ள நோயாளித் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும். முத்தமிழ்க் காவலரின் பெயரைத் தாங்கிய கல்லூரியானாலும் வேறு கல்லூரியானாலும் நிலைமை இதுவே. தமிழில் மயக்கவியல் எழுத முடியுமா என்ற பழைய விவாதத்துக்கு இங்கே இடமில்லை. ஆனால் ஆய்வேட்டில் நோயாளியை நோக்கிப் பேசும் பக்கம் அது ஒன்றுதான் என்பதால் திறனாய்வு அங்கேயும் செல்ல வேண்டியிருக்கிறது.

நல்ல படிவங்கள் உண்டு. எளிய சொற்களில், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சை குறையாது என்று தெளிவாகச் சொல்பவை. வேறு பல ஆங்கில வாக்கியங்களின் நிழலாக நிற்கின்றன. 'இரத்த ஓட்ட இயக்கவியல் மாற்றங்கள்' என்ற தொடரைக் குழுமணியிலிருந்து வந்த விவசாயி என்னவென்று புரிந்துகொள்வார்? தொண்டையில் குழாய் வைக்கும்போது சிறிது நேரம் நெஞ்சு வேகமாக அடிக்கும், இரத்தக் கொதிப்பு ஏறும், அதைக் குறைக்கும் இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று பார்க்கிறோம் என்று எழுதினால் போதும். அப்படி எழுதத் தொடங்கினால் அடுத்த இரண்டு வாக்கியங்களும் தாமாகவே வந்து நிற்கும்: உங்களுக்கு வேறு நோய் இல்லாததால் இந்த ஏற்றம் உங்களைப் பெரிதாகப் பாதிக்க வாய்ப்பில்லை, மருந்தால் பிறகு அழுத்தம் குறையக்கூடும், அதை இத்தனை நிமிடம் கவனிப்போம். படிவத்தில் அந்த 'இத்தனை' என்ற இடத்தில் பத்து என்று எழுதுவதா முப்பது என்று எழுதுவதா என்பதை ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முடிவு செய்தாக வேண்டும்.